அடுப்பில்லாத பசியாறல்: தயிரும் பீடோர் கொய்யாவும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோரில் காலை ஆறரைக்கு இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். 1982 பிறந்தபோது தீபகற்பத்தின் மணியை அரைமணி முன்னே தள்ளிவைத்தார்கள். அதிலிருந்து ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. அந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமோ, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயோதான் கை கொடுக்கிறது. இரண்டும் ருசிதான். ஆனால் அப்பாவுக்கு இனிப்பு நீர் இருப்பதால், தினமும் அதையே அவர் தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. அடுப்பு மூட்டாமல், இரவே எடுத்துவைத்துவிடும் பசியாறலாகத் தேடினேன். தயிரும் பழமும் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

தயிர் பால்கார அண்ணனிடம் வாங்குவது. சர்க்கரை சேர்க்காதது, நல்ல புளிப்பு. அதை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, குளிர்பெட்டிக்குள்ளேயே இரவு முழுக்க விட்டால் பாதிக்குப் பக்கம் தண்ணீராக இறங்கிவிடும். மிஞ்சுவது கரண்டியில் நிற்கும் கெட்டித் தயிர். நம் ஊர் வெக்கையில் வெளியே தொங்கவிட்டால் புளிப்பு ஏறிவிடும், அதனால் குளிர்பெட்டிதான் சரி. வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். உப்பும் இஞ்சியும் போட்டால் மோர் மாதிரி குடிக்கலாம்.

ஒரு ஆளுக்கு மூன்று மேசைக்கரண்டி ஓட்ஸ், அரைக் கோப்பை கெட்டித் தயிர், கால் கோப்பை பால், நறுக்கிய பேரீச்சம்பழம் இரண்டு. இவற்றைக் கலந்து மூடி வைத்துவிடுவேன். விடிவதற்குள் ஓட்ஸ் ஊறி இளகிவிடும், பேரீச்சை தன் இனிப்பை இறக்கிவிடும், தேன்கூடத் தேவையில்லை. சப்ஜா விதை பத்து நிமிடத்தில் ஊறிவிடுவதால் அது காலையில் போதும்.

பழத்தில்தான் கவனம் வேண்டும். பப்பாளியைத் தயிரோடு இரவே சேர்த்தால் காலையில் கசக்கிறது. தயிர் கெட்டுப்போனதால் வரும் கசப்பு அல்ல அது. பப்பாளியில் பப்பெய்ன் என்ற நொதி இருக்கிறது. பால் புரதத்தை அது சிறு துண்டுகளாக அறுக்கும்போது அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. காயில் அது அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். ஆனாலும் ஒரு இரவு அதற்குப் போதும். அன்னாசியில் புரோமெலைன், கிவியில் ஆக்டினிடின், அவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. டின் அன்னாசி மட்டும் கசப்பதில்லை, சூடுபடுத்தி அடைக்கும்போதே நொதி செயலிழந்துவிடுவதால். ஆனால் பாகில் மிதக்கும் பழத்தை அப்பாவுக்கு எப்படிக் கொடுப்பது? எனவே இந்த மூன்றும் எங்கள் வீட்டில் சாப்பிடும் நேரத்தில்தான் கோப்பையில் விழும்.

இரவே சேர்க்கத் தோதான பழம் கொய்யா. சாலையோரக் கடைகளில் குவித்து வைத்திருக்கிறார்களே, அதேதான். விடிந்தாலும் தண்ணீர் விடாது, மொறுமொறுப்பும் குறையாது. 100 கிராமில் ஏறக்குறைய 5 கிராம் நார்ச்சத்தும், 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி-யும் இருக்கின்றன. ஆரஞ்சில் இருப்பதைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு. இவ்வளவு நல்ல பழத்தை வாசலில் வைத்துக்கொண்டு கடையில் இறக்குமதி பெர்ரிக்குக் காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பீசாங் மாஸ் என்ற சின்ன வாழைப்பழம் நறுக்கினால் கறுக்கும், தயிருக்கு அடியில் புதைத்துவிட்டால் அவ்வளவாகத் தெரியாது. தர்பூசணி வேண்டாம், எல்லாவற்றையும் நீராக்கிவிடும்.

அப்பாவின் கோப்பையில் வாழைப்பழமும் பேரீச்சையும் பாதிதான், கொய்யா கூடுதல். அம்மாவுக்கு இனிப்புத் தயிர் இறங்கவே இல்லை. அவருக்குத் தனியாக உப்பு, சீரகத்தூள், பொடியாக நறுக்கிய கொய்யா, கொஞ்சம் மாதுளை முத்து. அதை ருசி பார்த்த பிறகு அப்பாவும் அதையே கேட்கிறார். அடுத்து மாங்காயைத் துருவிப் போட்டு உப்புக் கோப்பையில் முயலப்போகிறேன்.