அத்தைக்குப் பின்னால் பாடியவள்

கிருத்திகைக்குள் ஒரு முருகன் பாட்டைப் பாடி குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. என்னிடம் மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி, லேப்டாப் எல்லாம் இருக்கிறது. பெட்ரூம் ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, ஃபேனை அணைத்ததும் அத்தை நிபந்தனை போட்டார்: "வயர் வச்ச ஹெட்போன் எனக்கு வேண்டாம்டா. தலையைத் திருப்பினா கூடவே இழுக்குது."

மகன் வாங்கித் தந்த ப்ளூடூத் ஹெட்போனைத்தான் போடுவாராம். மாமா டிவிக்காக வாங்கி வைத்திருந்த குட்டி ட்ரான்ஸ்மிட்டரைப் பிடுங்கி வந்து அவரே கொடுத்தார். இன்டர்ஃபேஸின் ஹெட்போன் ஓட்டையில் சொருகினேன். ஹாலில் மாமாவுக்கு அன்றைக்கு ஊமைப் படம்.

ரெண்டு வரி பாடியிருப்பார். "யாருடா அவ, எனக்குப் பின்னாடியே நக்கல் பண்ணிக்கிட்டு வர்றா?"

வேறு யார், அத்தையேதான். ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபடி விரித்துக் காதில் போட ப்ளூடூத்துக்குச் சாதாரணமாக 150 முதல் 200 மில்லி செகண்ட் ஆகும். பாட்டு கேட்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. பாடுகிறவருக்கு உயிர் போகும். அத்தை பிடித்த வேகம் நிமிஷத்துக்கு 80 அட்சரம். ஒரு அட்சரத்துக்கு 750 மில்லி செகண்ட். அதைத் தகதிமி என்று நாலாக வெட்டினால் துண்டு ஒன்றுக்கு 187 சொச்சம். ஆக, வாய் 'க' சொல்லும்போது காதில் 'த' வந்து விழுகிறது. அத்தையோ பண்பானவர். பின்னால் வருகிறவள் முடிக்கட்டும் என்று நின்று நின்று பாட, தொடையில் போட்ட ஆதி தாளம் பாட்டை விட்டுவிட்டுத் தனியாக ஊர் போய்ச் சேர்ந்தது.

ஜப்பானில் இரண்டு பேர் இதை வைத்தே ஒரு துப்பாக்கி செய்தார்கள். பேசுகிறவர் மேல் அவர் குரலையே சுமார் 0.2 செகண்ட் தள்ளி ஒலிபரப்பினால் நாக்கு குழறிப் பேச்சு நின்றுவிடும். 2012-இல் அதற்கு இக் நோபல் கொடுத்தார்கள்; சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்கான கிண்டல் பரிசு அது. அத்தையிடம் சொன்னேன். "நம்ம அசோசியேஷன் மீட்டிங்குக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்றார்.

கெஞ்சிக் கூத்தாடி வயர் ஹெட்போனை மாட்டியாயிற்று. "இப்ப ஒட்டிக்கிட்டே வர்றா. ஆனா வர்றா." பஃபர், அதாவது லேப்டாப் ஒரு தரத்துக்கு அள்ளிக்கொள்ளும் ஒலித் துண்டுகளின் (சாம்பிள்) எண்ணிக்கை, 1024-இல் இருந்தது. செகண்டுக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் அது 21 மில்லி செகண்ட். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று 42-ஐத் தாண்டிவிடும். அத்தை பையனுக்கு போன் போட்டேன். "மச்சான், 64-க்கு இறக்கு" என்றான். இறக்கினால் 1.3 மில்லி செகண்டுக்கு ஒரு தரம் லேப்டாப் கணக்கை முடித்துக் கொடுத்தாக வேண்டும். நம் கிழட்டு லேப்டாப்புக்கு ஏது அந்தத் தெம்பு? காதில் படபடவென்று வெடித்தது. "கடுகு தாளிக்கிறியா உள்ள?" என்றார் அத்தை. கடைக்காரரைக் கேட்டதற்கு லேப்டாப்பை மாற்றச் சொன்னார். அவர் எதற்குமே அதைத்தான் சொல்வார்.

மாற்ற வேண்டியதே இல்லை. இன்டர்ஃபேஸின் முகப்பிலேயே டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டன் இருக்கிறது. மைக்கில் வரும் குரல் லேப்டாப் பக்கம் போகாமல் குறுக்குவழியில் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். பஃபரைப் பழையபடி 1024-க்கு ஏற்றிவிட்டு, போனில் மச்சான் சொன்னபடி பட்டனை அமுக்கினேன். "இப்ப நிஜமாவே ரெண்டு பேர்டா!" லேப்டாப் வழியாகவும் குரலைக் காதுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் மானிட்டரை அணைக்க வேண்டும் என்பதை மச்சான் துரை அடுத்த போனில்தான் சொன்னார். அணைத்ததும் பின்னால் வந்தவள் ஒழிந்தாள்.

அத்தை முகம் மட்டும் மலரவில்லை. "குரல் மொட்டையா இருக்கேடா. மண்டபத்துல பாடினா ஒரு கார்வை வருமே?"

இதற்கு ஒரு வழி எனக்கே தெரியும். மானிட்டரை மறுபடி போட்டு, அத்தை குரல் பதிவாகும் ட்ராக்கில் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் ஒன்றைப் போட்டு, அதில் அசல் குரலைச் சுத்தமாக மூடிவிட்டு எதிரொலியை மட்டும் திறந்துவிட்டேன். அசல் குரல் பட்டன் வழியே உடனே வரும். லேப்டாப்பிலிருந்து எதிரொலி மட்டும் அந்த 42 மில்லி செகண்ட் கழித்து வரும். வரட்டுமே! ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் பாடி முடித்தார். நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. சுருதியோடு ஓரளவு ஒத்துப்போனதால் விட்டுவிட்டேன்.

குரூப்பில் ஒரே கைதட்டல் பொம்மைகள். மறுநாள் காலிங் பெல் அடித்தது. வாசலில் அத்தை, பின்னால் பஜனைக் குழு மாமிகள் நாலு பேர். ஆளுக்கொரு ப்ளூடூத் ஹெட்போன் கழுத்தில்.

இன்டர்ஃபேஸில் ஹெட்போன் ஓட்டை ஒன்றுதான் இருக்கிறது.