ஒழுகும் ஜாயிண்டை இறுக்குவதற்கு முன்

பைப் ஜாயிண்டில் தண்ணீர் சொட்டினால் பெரும்பாலானவர்களுக்கு முதலில் கை போவது ஸ்பேனருக்குத்தான். இன்னும் ஒரு திருப்பு இறுக்கினால் நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. நிற்கவில்லையா, மேலே வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்று. அதுவும் போதவில்லையா, பைப் ஒட்டும் சால்வெண்ட் சிமெண்டைத் தடவு. கடைசியில் எபாக்சிப் பசையைப் பிசைந்து அப்பு. தெரிந்தவர்கள் வீட்டு சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்கும்போது, இந்த நான்கு வைத்தியமும் ஒரே ஜாயிண்டில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும், தண்ணீர் மட்டும் அதன் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

இந்த வேலையில் கை வைக்கிற யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்விதான்: இந்த ஜாயிண்டில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது எது? ஒட்டின ஜாயிண்டில் அந்த வேலையைப் பிளாஸ்டிக்கே செய்கிறது. திருகி மாட்டும் மரை ஜாயிண்டில் மரையும் டேப்பும் சேர்ந்து செய்கின்றன. கனெக்‌ஷன் ஹோஸில் ஒரு சின்ன ரப்பர் வாஷர். ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் பலன் கிடையாது, பல நேரம் இருப்பதும் கெட்டுவிடும்.

முதலில் ஒட்டுகிற ஜாயிண்ட். பிவிசி, வெந்நீரும் தாங்கும் சிபிவிசி ஆகிய பிளாஸ்டிக் பைப்புகளுக்குப் போடும் சால்வெண்ட் சிமெண்ட் கோந்து போல நடுவில் நின்று ஒட்டுவதில்லை. பைப்பின் வெளிப்பக்கத்தையும், பைப்புகளை இணைக்கும் துண்டான ஃபிட்டிங்கின் உள்பக்கத்தையும் அது இளக்குகிறது. இளகிய இரண்டும் கலந்து, சால்வெண்ட் ஆவியாகிப் போனதும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகிறது. இது புரிந்தால் வெளியே தடவுவது ஏன் வீண் என்பதும் புரிந்துவிடும். ஒழுகும் இடம் உள்ளே, தண்ணீரின் அழுத்தமும் உள்ளிருந்து வெளியே. வெளிவிளிம்பில் நீங்கள் பூசுவதை அது தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஒட்டின எல்போ (வளைவு ஃபிட்டிங்) ஒழுகினால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவதுதான் வழி. கழற்றித் திரும்ப ஒட்டலாம் என்று பார்க்காதீர்கள், அது கழறவே கழறாது, கழன்றால் அது ஒட்டவே இல்லை என்று அர்த்தம்.

ஃபிட்டிங்கின் உள்வாய் நேர் உருளையாக இருக்காது, உள்ளே போகப் போகக் கொஞ்சம் குறுகும். அதனால் சிமெண்ட் போடாமல் பைப்பைச் செருகிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குள் எங்காவது பிடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடிவரை லொடலொடவென்று போனால் அந்த ஃபிட்டிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது: சிமெண்ட் இல்லாமல் கோத்துப் பார்த்து மொத்த நீளத்தை முடிவு செய்தால், ஒட்டும்போது ஒவ்வொரு ஜாயிண்டும் இன்னும் உள்ளே இறங்கி, கடைசியில் தண்ணீர்க் குழாய்க்கு விட்ட இடம் எட்டாமல் போகும். ஆகவே ஃபிட்டிங்கின் உள் ஆழத்தை ஸ்கேலால் அளந்து, அந்த அளவைப் பைப்பின் மேல் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டிய பிறகு கோடு விளிம்பைத் தொட்டு நிற்கிறதா என்று பார்த்தாலே முழுசாக உள்ளே போனதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

வெட்டு நேராக இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். வெட்டிய பிறகு விளிம்பில் நிற்கும் பிசிறை எடுப்பதைத்தான் விட்டுவிடுவார்கள். அந்தப் பிசிறு செருகும்போது சிமெண்டை வழித்துக்கொண்டே உள்ளே போகும், ஒட்ட வேண்டிய பரப்பில் ஒன்றும் மிஞ்சாது. வெளிவிளிம்பை அரத்தால் லேசாகச் சாய்த்துவிட்டால் போதும். கத்தரி மாதிரி கட்டரால் பழைய சிபிவிசியை வெட்டினால் முனையில் மயிரிழை விரிசல் விடுவதுண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; இருந்தால் விரிசல் தெரியும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். பழைய பைப்புக்கு ஹேக்ஸா பிளேடுதான் எனக்குப் பிடித்தது, மெதுவாகத்தான் போகும், ஆனால் விரிசல் பயம் குறைவு.

சிமெண்டைப் பைப்பில் தாராளமாகவும் ஃபிட்டிங்கில் மெலிதாகவும் தடவ வேண்டும். மாற்றிச் செய்தால் அதிகப்படியானது உள்ளே தேங்கி நிற்கும், தேங்கிய இடத்தில் பைப்பை இளக்கிக்கொண்டே இருக்கும். செருகும்போது கால் திருப்பு, அடியைத் தொட்டதும் திருப்புவதை நிறுத்திவிட்டு அரை நிமிடம் அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்வாய் குறுகலாக இருப்பதால் விட்டவுடன் பைப் மெல்லப் பின்னால் வரும். பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கே தெரியும், மார்க்கர் கோடு விளிம்பை விட்டு ஒரு நூல் நகர்ந்திருக்கும். அவசரக்காரர்களின் ஜாயிண்டுகளில் பாதி இங்கேதான் கெடுகிறது என்பது என் அபிப்பிராயம். காய விடும் நேரம் டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும். குளிரும் ஈரமும் இருந்தால் கூடும், பைப் பெரிதானாலும் கூடும். சிபிவிசிக்கு அதற்கான சிமெண்டையே வாங்குங்கள். டப்பாவுக்குள் ஜெல்லி மாதிரி ஆகிவிட்டால் எதையும் ஊற்றிக் கரைக்கப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆவி தலைவலி தரும், தீயும் பிடிக்கும்.

ரிப்பேர் வேலையில் பெரிய தொந்தரவு, வால்வை மூடிய பிறகும் பைப்புக்குள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும் தண்ணீர். ஈரத்தில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. அந்த லைனில் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் குழாயைத் திறந்து விட்டு, காற்று உள்ளே போக மேலே ஒன்றையும் திறந்து வையுங்கள். தண்ணீர் அந்தப் பக்கம் வடிந்துவிடும். கேட் வால்வ் பழசாகி முழுசாக மூடவில்லை என்றால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

அடுத்தது மரை. டெஃப்லான் டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டுகொண்டு வெளியே வந்துவிடும். முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்கி, மரையின் பள்ளம் தெரிகிற அளவுக்கு இழுத்துச் சுற்றினால் சரி. எத்தனை சுற்று என்பது டேப்பின் கனத்தைப் பொறுத்தது.

எல்லோரும் சறுக்குகிற இடம் தண்ணீர்க் குழாயை நேராக நிறுத்துவதில்தான். நன்றாக இறுகிவிட்டது, ஆனால் வாய் கொஞ்சம் வலப்பக்கம் கோணலாக நிற்கிறது. கை தானாகப் பின்னால் கால் திருப்புத் திருப்பி நேராக்கிவிடும். அவ்வளவுதான், அந்த ஜாயிண்ட் போச்சு. முன்னே போகும்போது மரைக்குள் நசுங்கி நிரம்பிய டெஃப்லான், பின்னே வரும்போது பள்ளத்தை விட்டு விலகி வழி திறந்துவிடும். கழற்றி, பழைய டேப்பை முழுசாகச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு சுற்று கூட்டியோ குறைத்தோ சுற்றி, முன்னே போகும் திசையிலேயே நேராக வந்து நிற்கும்படி செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிளாஸ்டிக் மரை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். கையால் முடிந்தவரை, அதற்கு மேல் ஸ்பேனரால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சுற்று. குறிப்பாக பிளாஸ்டிக் பெண் மரைக்குள் (உள்பக்க மரை) உலோக ஆண் மரையை (வெளிப்பக்க மரை) திருகுவது ஆப்பு அடிப்பது போல. மரை சாய்வாக இருப்பதால் இறுக்க இறுக்க வாய் விரியும், அன்றைக்கு ஒன்றும் ஆகாது, மாதங்கள் கழித்து நீளவாக்கில் பிளக்கும். தண்ணீர்க் குழாய் மாட்டும் இடத்தில் உள்ளே பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் போடச் சொல்வது இதனால்தான். இன்னொன்று, அரை அங்குலத்தில் பிரிட்டிஷ் மரைக்கும் அமெரிக்க மரைக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், ஆனால் மரையின் கோணம் முன்னதில் 55 டிகிரி, பின்னதில் 60. இரண்டையும் சேர்த்தால் ஆரம்பத்தில் நன்றாகவே ஏறும், அப்புறம் சிக்கும், ஒழுகும். வேறு நாட்டுக் குழாயை ஆன்லைனில் வாங்கியவர்கள் இதைக் கவனிக்கவும்.

கனெக்‌ஷன் ஹோஸ், சிங்க்குக்குக் கீழே வரும் வேஸ்ட் பைப்பின் நட், இரண்டு பைப்பை நட்டால் இணைக்கும் யூனியன் இவற்றில் மரையின் வேலை வாஷரை அமுக்கிப் பிடிப்பது மட்டும். தண்ணீர் மரை வரை வரவே கூடாது. அங்கே டேப் சுற்றினால் நட் முழுசாக உட்காராமல் வாஷர் சரியாக அமுங்காது, அதாவது டேப்பே ஒழுகலுக்குக் காரணமாகும். வாஷர் காய்ந்து விரைத்திருந்தால் மாற்றுங்கள், வேலை முடிந்தது. வேஸ்ட் பைப்பில் கூம்பு வாஷர் இருந்தால் அதன் சரிவான பக்கம் ஃபிட்டிங்கின் வாயைப் பார்க்க வேண்டும்.

துத்தநாகம் பூசிய இரும்பான ஜிஐ பைப்பைத் தொடுவதானால் இரண்டு ரென்ச் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒற்றை ரென்ச்சோடு போனால் வெளியே தெரியும் ஜாயிண்ட் அசையாது, சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த இன்னொன்று அசைந்துவிடும். மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சும் போய், பைப்பின் கனமும் குறைந்திருக்கும் என்பதால் துரு அங்கேதான் முதலில் தின்னும்.

வெந்நீர் லைனில் அடிக்கடி எல்போ விட்டுப்போகிறது என்றால் ஒட்டினவரைத் திட்டுவதற்கு முன் பைப்பைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பைப் பாருங்கள். மூன்று மீட்டர் சிபிவிசி, வெப்பம் 50 டிகிரி செல்சியஸ் கூடினால், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருந்தால் அந்த நீட்டம் முழுக்க எல்போவின் முதுகில் ஏறும். கிளாம்ப்பில் பைப் நகர வேண்டும்.

எல்லாம் காய்ந்த பிறகு வால்வை மெதுவாகத் திறந்து, குழாய்களைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். காய்ந்த டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு ஜாயிண்டிலும் சுற்றிப் பாருங்கள், மேலிருந்து கீழாக; தண்ணீர் பைப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கித் தாழ்வான இடத்தில்தான் சொட்டும், அதனால் சொட்டும் இடத்தை நம்பக் கூடாது. வெந்நீர் லைன் என்றால் சூடாக ஒரு தடவை, ஆறின பிறகு இன்னொரு தடவை. சுவரை உடைத்திருந்தால் பூச்சு வேலையை மறுநாளைக்குத் தள்ளி வையுங்கள், டைல்ஸ் ஒட்டுகிறவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.