குழியில் ஊற்றிய தண்ணீர்

மலேசியத் தமிழர்களிடம் 'தோட்டம்' என்று சொன்னால் பூச்செடிகள் நினைவுக்கு வருவதில்லை. ரப்பர் மரங்களும் செம்பனையும் விடியற்காலைப் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்பும்தான் நினைவுக்கு வரும். லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்சர் எனப்படும் திறந்தவெளி வடிவமைப்பில் பட்டம் பெற்று, கோலாலம்பூர் செந்தூலில் உள்ள வீட்டுக்கு நான் வந்த நாளில், தோட்டத்து நாற்றங்காலில் பதினேழு ஆண்டுகள் உழைத்த என் அம்மா, "தோட்டத்த விட்டு நீங்க வெளிய வரணும்னுதானே நாங்க பாடுபட்டோம், நீ மறுபடியும் மண்ணுக்கே போறியே" என்று வருந்தினார். இந்தத் தொழில் என்னவென்று அவருக்கு விளக்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அவர் அறிந்திருந்தவற்றில் எவ்வளவு என் தொழிலுக்குத் தேவை என்று நான் உணர, அதைவிடக் கூடுதலான காலம் ஆயிற்று.

இவ்வாண்டு எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த இளம்பெண் ஒருவர், "அக்கா, அடுத்த நிலைக்குப் போக நான் எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?" என்று கேட்டார். மதிய உணவு வேளையில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுத முயல்கிறேன்.

ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், லூமியன் ஆகியவை வேலைக்குள் நுழையத் தேவைப்படும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவை எல்லோரிடமும் இருக்கும். அவற்றால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

என்னை உண்மையில் வளர்த்தது, நான் செய்த ஒரு தவறுதான். வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில், கிள்ளான் பள்ளத்தாக்கில் சரிவான நிலத்தில் எழுந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்காக 24 பூமருது மரங்களை வரைபடத்தில் வைத்தேன். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் குழி, நல்ல கலவை மண், மூன்று முட்டுக்கம்புகள் என எல்லாம் முறைப்படி இருந்தன. நட்ட ஐந்தாவது மாதத்தில் பாதிக்கும் மேற்பட்ட மரங்கள் மஞ்சளித்துக் கிளைநுனியிலிருந்து காயத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, இன்னும் அதிகமாக ஊற்றச் சொல்லிக் கடிதம் எழுதினேன். அங்கிருந்த தமிழ் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு மரத்தின் அடியைத் தோண்டிக் காட்டினார். வேர்கள் கறுத்துச் சாக்கடை நாற்றம் வீசியது. "தண்ணி போக வழியே இல்ல தங்கச்சி. நீங்க குழி வரையல, தொட்டி வரஞ்சிருக்கீங்க" என்றார்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய அந்த நிலத்தைக் கனரக இயந்திரங்கள் பல மாதங்கள் மிதித்து இறுக்கியிருந்தன. இறுகிய களிமண்ணின் நடுவே பொலபொலப்பான கலவை மண்ணை நிரப்பினால், சுற்றிலும் ஓடும் மழைநீரெல்லாம் அதற்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை; ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கோலாலம்பூர் வட்டாரத்தில், வடிகால் இல்லாத குழியில் நட்ட மரம் தாகத்தால் சாவதைவிட மூச்சுத் திணறிச் சாவதே அதிகம். ஆனால் இரண்டுக்கும் இலையில் தெரியும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் நான் நோயைக் கூட்டும் மருந்தை எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு செலவு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. குத்தகையாளர் வரைபடத்தில் உள்ளபடியே செய்திருந்ததால், வேலையில் தெரியும் குறைகளைக் குத்தகையாளரே சரிசெய்ய வேண்டிய குறைதீர்ப்புக் காலத்தைக் காட்டி அவரைக் கட்டாயப்படுத்த முடியவில்லை. மாற்று மரங்களின் செலவை எங்கள் அலுவலகம் ஏற்றது. என் மேலாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நடவு விவரக்குறிப்பின் அந்தப் பகுதியை மீண்டும் எழுதி வரும்படி மட்டும் கேட்டார். மரங்கள் வருவதற்கு முன் ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் நிரப்ப வேண்டும், மறுநாள் காலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து படம் எடுக்க வேண்டும், தேங்கியிருந்தால் தாழ்ந்த இடத்துக்கு வடிகுழாய் போட வேண்டும் அல்லது மண்ணை மேடாக்கி நட வேண்டும் என்று எழுதினேன். அந்த வாசகம் இன்றும் எங்கள் விவரக்குறிப்பில் இருக்கிறது.

அதை எழுதி முடித்த அன்றிரவு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. ரப்பர் நட்ட சரிவுகளில் சமமட்டத்தை ஒட்டி ஆங்காங்கே குழி வெட்டி, ஓடும் நீரையும் அடித்துவரும் மண்ணையும் அவற்றில் தேக்குவார்கள் என்றும், நிலம் வெறுமையாகக் கிடக்காதபடி மூடுபயிர் விடுவார்கள் என்றும் நினைவுகூர்ந்தார். "மழத்தண்ணி நிக்கணும்மா, ஆனா கன்னுக்கு அடியில நிக்கக் கூடாது" என்றார். நீர்ப்பாசன, வடிகால் துறை 2000ஆம் ஆண்டு வெளியிட்டு 2012இல் திருத்திய 'மஸ்மா' எனப்படும் மழைநீர் மேலாண்மைக் கையேட்டை நான் பிறகு படித்தபோது, அதன் அடிப்படை எனக்கு ஏற்கெனவே பழகியதாகத் தோன்றியது: மழைநீரை விழுந்த இடத்திலேயே பிடித்து வைத்து மெதுவாக விடு. புல் படர்ந்த வடிகால்கள், தற்காலிகத் தேக்கக் குட்டைகள், வடிகட்டும் செடிப்பாத்திகள் எல்லாம் அந்த எண்ணத்தின் கிளைகள்தான்.

இதைத் தொழில் வளர்ச்சியோடு இணைத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கையேட்டின் கணக்கைப் படிக்கத் தெரிந்த லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்டைச் சிவில் பொறியாளர் முதல் கூட்டத்திற்கே அழைக்கிறார். படிக்கத் தெரியாதவரைக் கட்டடமும் சாலையும் கால்வாயும் முடிந்த பிறகு அழைத்து, எஞ்சிய துண்டு நிலங்களில் செடி வைக்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டு அழைப்புகளுக்கும் இடையிலான தூரத்தை எந்தப் பதவிப் பெயராலும் ஈடுகட்ட முடியாது என்பது என் அனுபவம்.

சட்ட அறிவும் இவ்வாறே. தீபகற்ப மாநிலங்களுக்குரிய 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், 1995இல் மரப் பாதுகாப்புக்கான பகுதி சேர்க்கப்பட்டது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்தால் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை உள்ளூர்த் திட்டமிடல் அமைப்பின் எழுத்து அனுமதியின்றி வெட்டுவதை அது தடுக்கிறது. கோலாலம்பூருக்கோ 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் தனியாக உள்ளது. நிலம் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்காமல் மரக் கணக்கெடுப்பைத் தொடங்கக் கூடாது.

எழுத்துத் திறனை நம் பிள்ளைகள் குறைவாக மதிப்பதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'தரமான மரம்' என்று எழுதினால் எந்த மரத்தையும் கொண்டு வந்து இறக்கலாம். தண்டின் சுற்றளவு, மொத்த உயரம், முதல் கிளை வரையிலான உயரம், வேர்க்கட்டின் அகலம், வேர் விரியும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றை எழுதினால்தான் தகாத மரத்தை லோரியோடு திருப்பி அனுப்ப முடியும். அதை எழுதுவதற்கு முன் சுங்கை பூலோ நர்சரிகளில் ஒரு நாள் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். 1930இல் தொடங்கிய தொழுநோய்க் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் செடி வளர்த்துப் பிழைக்கத் தொடங்கியதால் உருவான நர்சரிகள் அவை. அங்குள்ள முதியவர்கள் ஒரு மரத்தைச் சாய்த்து, வேர் பைக்குள் சுருண்டிருப்பதைத் தொட்டுக் காட்டும் விதத்தை எந்த வகுப்பறையிலும் நான் பார்த்ததில்லை.

முறையான படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981இல் அமைந்த மலேசிய லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட் கழகத்தில் பட்டதாரி உறுப்பினராகச் சேர்ந்து, அனுபவம் பெற்று, தொழில்முறைத் தேர்வு எழுத வேண்டும். அரசுப் பணி விரும்புவோருக்கு 1996இல் தொடங்கிய தேசிய லேண்ட்ஸ்கேப் துறையும் நகராண்மைக் கழகங்களும் இருக்கின்றன. ஆலோசனை அலுவலகத்தில் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளாவது குத்தகையாளரிடம் வேலை செய்ய வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். ஒரு மரத்தை இறக்க எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு வெள்ளி என்பது அங்கேதான் தெரியும். மரங்களின் மீது பற்றுள்ளவர்கள் அனைத்துலக ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு வல்லுநர்) சான்றிதழையும் பெறலாம். 2024 மே 7 அன்று ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் விழுந்து ஓர் உயிர் போனதைக் கண்ட எவருக்கும், மரத்தின் உட்குழிவையும் வேரின் நிலையையும் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த நகரத்திற்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

பராமரிப்புக் கையேடு எழுதும் வேலையைப் பலரும் இளையவர்களிடம் தள்ளிவிடுகிறார்கள். நான் அதை என் கையாலேயே எழுதுகிறேன். பழைய குதிரைப் பந்தயத் திடலில் அமைந்த 50 ஏக்கர் கேஎல்சிசி பூங்காவை வடிவமைத்த பிரேசில் நாட்டு ரொபெர்த்தோ பர்லே மார்க்ஸ் 1994இல் மறைந்தார். பூங்கா திறக்கப்பட்டது 1998இல். அந்த நிழலில் நடக்கும்போதெல்லாம், அவர் பார்க்காத மரங்களை வளர்த்தெடுத்த கைகளையே நான் எண்ணிக்கொள்கிறேன்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணைச் சென்ற வாரம் செராஸில் ஒரு வேலைத்தளத்திற்கு அனுப்பினேன். இன்று காலை ஏழரை மணிக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது: ஒன்பதாம் எண் குழியில் இரண்டு சாண் உயரத்திற்குத் தண்ணீர், அதன் நடுவே நட்டுவைத்த அளவுகோல். கீழே, "அக்கா, ராத்திரி மழை இல்லை. மரங்களை இன்று இறக்க வேண்டாம் என்று மண்டோரிடம் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தார்.