மஞ்சள் சிவப்புச் சட்டை

இலங்கை மலையகத்து ஹட்டனில் நடைபாதையோரம் பழைய உடுப்புகளைக் குவித்து விற்பார்களே, அங்கேதான் அந்த ஜேர்சியை எடுத்தேன். மஞ்சளும் சிவப்புமாகக் கோடு. அம்மா பார்த்துவிட்டு, “திருவிழாவுக்கு எடுத்தியா?” என்று கேட்டார். நெஞ்சில் இருந்த பெயரை ஃபோனில் போட்டுத் தேடினேன். அன்று இரவு இரண்டு மணிவரை தூங்கவில்லை.

பெல்ஜியத்தில் மெஹலன் என்றொரு ஊர். அதன் உதைபந்தாட்டக் கழகம் கே.வி. மெஹலன், தொடங்கியது 1904-ல். மைதானத்துக்கு ‘படை முகாமுக்குப் பின்னால்’ என்றுதான் பெயராம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ‘ஸ்டோருக்குக் கீழே’, அதாவது தேயிலை ஃபெக்டரிக்குக் கீழே என்றால் கிரவுண்ட் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் படித்ததுமே கழகம் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

1980-களில் ஜோன் கோர்டியே என்ற தொழிலதிபர் தலைவராக இருந்து பணத்தைக் கொட்டினார். டெலிண்டஸ் நிறுவனத்தை நிறுவியவர். ஆட் டி மோஸ் பயிற்சியாளர், மிஷேல் ப்ரூதோம் கோல் கீப்பர், லேய் கிளைஸ்டர்ஸ் கெப்டன் (டென்னிஸ் வீராங்கனை கிம் கிளைஸ்டர்ஸின் அப்பாதான்). 1987-ல் பெல்ஜியக் கிண்ணம். அடுத்த வருசம் மே 11, பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்கில் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ண இறுதிப்போட்டி; ஒவ்வொரு நாட்டிலும் கிண்ணம் வென்ற கழகங்கள் மோதும் போட்டி அது. எதிரணி நெதர்லாந்தின் அயெக்ஸ், முந்தைய வருசம் அதே கிண்ணத்தை வென்றவர்கள். 16-வது நிமிடத்தில் அயெக்ஸின் டேனி பிளிண்டுக்குச் சிவப்பு அட்டை. 53-வது நிமிடத்தில் இஸ்ரேல்காரர் எலி ஒஹானா உயர்த்திப் போட்ட பந்தை பீட் டென் பூர் தலையால் முட்டினார். 1–0. பத்துப் பேரைத்தானே வென்றார்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பத்துப் பேரை வைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரன் எங்களை எத்தனை தடவை அடித்திருக்கிறான்!

அப்புறம் ஐரோப்பிய சம்பியனான நெதர்லாந்தின் பி.எஸ்.வி. கழகத்தை 3–0 என்று வென்று, பதில் ஆட்டத்தில் 0–1 தோற்று, சூப்பர் கிண்ணமும் எடுத்தார்கள். 1989-ல் பெல்ஜிய லீக். 1990-ல் ஐரோப்பிய சம்பியன் கிண்ணத்தில் இத்தாலியின் ஏ.சி. மிலானை 90 நிமிடமும் கோல் போடவிடாமல் பிரசல்ஸிலும் பிடித்தார்கள், மிலானிலும் பிடித்தார்கள். மேலதிக நேரத்தில்தான் 0–2.

சரிந்த கதை சுருக்கம்தான். கோர்டியே கை தளர்ந்தது, ஆட்டக்காரர்களை மற்றக் கழகங்கள் வாங்கிக்கொண்டன. ருட்யெஸும் எமர்ஸும் பெல்ஜியத்தின் அண்டர்லெக்ட் கழகத்துக்குப் போனார்கள், ப்ரூதோம் 1994-ல் போர்த்துகலின் பென்ஃபிக்காவுக்கு. 1997-ல் இரண்டாம் பிரிவு. ஏறி இறங்கி, 2003-ல் கடனோடு மூன்றாம் பிரிவுக்கே போய்விட்டது.

இந்த இடத்தில் ஃபோனைக் கீழே வைத்தேன். எங்கள் டீமுக்கும் ஒரு முதலாளி இருந்தார், டவுனில் கடை. பூட்ஸ், ஜேர்சி, மேட்ச்சுக்குப் போக லொறி எல்லாம் அவர் செலவு. இரண்டு வருசம் சுற்றுவட்டாரத்தில் எங்களை அசைக்க ஆள் இல்லை. மூன்றாம் வருசம் அவர் வியாபாரம் படுத்தது. லொறி வரவில்லை. நல்லா விளையாடிய நாலு பேர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பந்து தேயிலைக்குள் போனால் அட்டைக்கடிக்குப் பயந்து யாரும் இறங்குவதில்லை என்ற நிலை வந்ததும் டீம் முடிந்தது. அந்த முதலாளியைத் திட்டிக்கொண்டே அஞ்சு வருசம் ஓட்டினோம்.

மெஹலன்காரர்கள் செய்ததே வேறு. ரசிகர்கள் தாங்களே காசு சேர்த்துக் கழகத்தை மூட விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 2007-ல் முதல் பிரிவுக்குத் திரும்பினார்கள். 2019-ல் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே கெண்ட் அணியை 2–1 என்று வென்று பெல்ஜியக் கிண்ணம் எடுத்தார்கள். ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசி வைத்த ஆட்ட நிர்ணய வழக்கில் மாட்டி அந்த வருசம் ஐரோப்பியப் போட்டிக்குப் போக முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லையா?

சம்பள நாளன்று லயத்து வாசலில் இதைப் பையன்களிடம் சொன்னேன். “நாங்க என்ன பெல்ஜியமாண்ணே?” என்று ஒருவன் சிரித்தான். ஆனாலும் தலைக்கு 100 ரூபாய் வந்தது. ஒரு பந்து வாங்கியாயிற்று, வலைக்கு இன்னும் சேரவில்லை. சட்டையை எங்கள் கோல் கீப்பருக்குக் கொடுத்துவிட்டேன். பதினாலு வயசு, கை நீளம் பத்தவில்லை. மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறான்.