மேலே இருக்கும் கான்

திருகோணமலை நிலையத்தில் பாதை முடிந்துவிடும். கொஞ்சம் நடந்தால் கடல். நான் தண்டவாள வேலை பழகியது இந்தப் பாதையில்தான். கல்ஓயா சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம் வழியாக 1927இல் வந்த பாதை இது. பெரும்பாலும் சமதரை. யானையும் உப்புக்காற்றும்தான் எங்களுக்குத் தலைவலி.

அப்புறம் மலைநாட்டில் நானுஓயாப் பக்கம் எனக்கு இடமாற்றம் வந்தது. அங்கே 44 அடி போனால் 1 அடி ஏறும். கேட்கச் சின்ன ஏற்றம்தான். ஆனால் இரும்பின் மேல் இரும்பு உருளும் வேலை இது. மூடுபனியில் தண்டவாளம் நனைந்தால் எஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மணல் தூவித்தான் ஏற்ற வேண்டும். நீலகிரியில் பாதை நடுவே பல் தண்டவாளம் போட்டு, அதைக் கவ்வி ஏறப் பல்சக்கரம் வைத்தார்கள், டார்ஜிலிங்கில் 2 அடிப் பாதை போட்டார்கள். இங்கேயோ 5 அடி 6 அங்குல அகலப் பாதையையே பல்சக்கரம் இல்லாமல் மலையில் ஏற்றிவிட்டார்கள். அதனால் வளைவுகள் இறுக்கமானவை, சில இடங்களில் ஆரை 100 மீட்டர்தான். வெளித் தண்டவாளம் கண்முன்னே தேயும். 1867இல் கண்டிக்கு வந்த ரயில் பதுளைக்குப் போய்ச்சேர 1924 ஆனது ஏன் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஹட்டன் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். தினமும் சொல்வார்: "தம்பி, கீழ பாத்தது போதும், மேல ஏறி கானைப் பாருங்க." தேயிலை மலையில் தண்ணீர் வடிய வெட்டும் கானைத்தான் சொன்னார். பாதைக்காகச் சரிவை வெட்டிய இடங்களிலும் மேலே அப்படியொரு கான் உண்டு. அது அடைத்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஊறிக் கனத்த மண் பிடி விட்டுவிடும்.

ஒரு மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு கானில் இலைகுப்பை கிடந்ததைக் கண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இறங்கிவிட்டேன். இரவில் மண் சரிந்து பாதையை மூடியது. ரயிலை முன்கூட்டியே நிறுத்தினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மதியம்வரை மண் அள்ளினோம். மூத்தவர் என்னை ஏசவில்லை. மேலே கூட்டிப்போய், தண்ணீர் எங்கே உள்ளே இறங்கியது என்று மண்வெட்டி நுனியால் காட்டினார். என் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

எல்லவுக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியதுதான், அவ்வளவு அழகு. ஆனால் அந்தப் பாதையில் ரயில் ஓடுவதற்கு, மழைக்கு முன் மேலே ஏறிக் கான் துப்புரவாக்கும் ஆட்களும் காரணம்.

போன கிழமை தம்பலகாமத்துப் பொடியன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பதுளைப் பக்கம் மாற்றமாம். "அண்ணை, அங்க எதை முதல்ல பாக்கோணும்?" என்றான். ஐப்பசி மழைக்கு முன் கான் முழுவதையும் ஒருதரம் நடந்து பார்க்கச் சொன்னேன். அன்று மண் சரிந்த இடத்தின் மைல்கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.