உருகிய கோட்டின் அருகே: ஒரு வெல்டிங் கணக்கீட்டின் நாட்குறிப்பு

மார்ச் 3

வெல்டிங்கின் வெப்பம் ஓர் எஃகுத் தகட்டை எப்படி வளைக்கும் என்று கணினியில் கணக்கிடுகிறேன். 2 மீட்டர் நீளமுள்ள மெல்லிய தகட்டில், அதை விறைப்பாக்க 6 பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் வெல்டிங், ஆக மொத்தம் 24 மீட்டர். டார்ச் 2 மில்லிமீட்டர் நகரும்போதெல்லாம் ஒருமுறை தீர்வு காண்பதென்றால் 12,000 படிகள். குளிர்வதற்கான படிகள் தனி. ஒவ்வொரு படியிலும் முதலில் வெப்பநிலையையும் பிறகு தகைவையும் (உலோகத்துக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை) மெஷ்ஷின், அதாவது தகட்டைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலையின், எல்லா முனைகளுக்கும் கணக்கிட வேண்டும். தகைவுக் கணக்கு ஒரே மூச்சில் முடியாமல், விடை நிலைபெறும் வரை திரும்பத் திரும்ப ஓடுகிறது. மாலையில் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். பெரிய கணினி கேட்பதற்கு முன், இவ்வளவு உழைப்பும் தகட்டின் எந்தப் பகுதிக்காகச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 5

தாளில் ஒரு சிறு கணக்குப் போட்டேன். மென் எஃகின் மீட்சி எல்லை, அதாவது அது பழைய வடிவத்துக்குத் திரும்பக்கூடிய உச்சத் தகைவு, சுமார் 250 மெகாபாஸ்கல். அதன் விறைப்பைக் காட்டும் யங் குணகம் சுமார் 2,00,000 மெகாபாஸ்கல். ஆகவே திரிபு (நீள மாற்றத்தை மூல நீளத்தால் வகுத்த அளவு) 0.00125-ஐத் தாண்டினால் எஃகு பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு டிகிரிக்கு அது பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. அப்படியானால், விரிய இடமின்றி இறுகப் பிடிக்கப்பட்ட எஃகு 100 டிகிரி அளவுக்குச் சூடேறினாலே நிலையாக அமுங்கத் தொடங்கிவிடும். உருகுநிலையோ 1,500 டிகிரியை ஒட்டியது. குளிரும்போது அமுங்கிய கீற்று சுருங்கப் பார்க்கிறது, சுற்றியுள்ள உலோகம் விடுவதில்லை. வெல்டு நெடுகிலும் மீட்சி எல்லையை நெருங்கும் இழுதகைவு தங்கிவிடுவதும், தள்ளியிருக்கும் தகடு அமுக்கத்தில் சிக்குவதும் இதனால்தான். நிலைத்த திரிபு முழுவதும் அந்தக் குறுகிய கீற்றுக்குள் அடங்கிவிடுகிறது. எஞ்சிய தகடு மீட்சி நிலையிலேயே இருக்கிறது. அதற்காக 12,000 முறை கணக்கிடுவது வீண்.

மார்ச் 9

300 மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டும் நுண்ணிய மாதிரி அமைத்தேன். டார்ச்சின் வெப்பம் உலோகத்தில் பரவும் விதத்தைக் காட்ட, ஜான் கோல்டாக்கும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் முன்வைத்த இரட்டை நீள்வட்டத் திண்ம வடிவம். மாதிரித் துண்டை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவியதும், உருகிய எல்லை சாம்பல் நிறப் பிறை போலத் தெளிந்து வந்தது. என் கணக்கில் அந்தப் பிறை வெளிப்படையாகவே பெரிதாக இருந்தது. 25 வோல்ட், 200 ஆம்பியர், நொடிக்கு 5 மில்லிமீட்டர் என்றால் மில்லிமீட்டருக்கு 1,000 ஜூல். டார்ச்சின் மின்வில் தரும் வெப்பத்தில் ஒரு பகுதி தகட்டுக்குள் போகாமல் வெளியேறுவதைக் கழிக்க மறந்திருக்கிறேன். 0.8 என்ற திறன் காரணியால் பெருக்கி 800 ஆக்கியதும் இரு எல்லைகளும் பொருந்தின. வெப்பம் தவறினால் அதன் பின் வரும் எந்தத் தகைவையும் நம்ப முடியாது.

மார்ச் 10

மெஷ் திருத்தம் மட்டும்.

மார்ச் 14

சிறு மாதிரியின் நடுப்பகுதியிலிருந்து குறுக்குச் சுருக்கம், நெடுக்குச் சுருக்கம், கோண வளைவு ஆகிய மூன்றையும் எடுத்து, முழுத் தகட்டையும் மெல்லிய பரப்பாகக் கருதும் ஷெல் மாதிரியில் வெல்டு கோடுகளின் மேல் ஏற்றினேன். ஒசாகா பல்கலைக்கழகத்தின் யுகியோ உவேதா 1970-களில் வளர்த்தெடுத்த உள்ளார்ந்த திரிபு முறையின் அடிப்படை இதுவே. நாள்கணக்கில் இழுத்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிட்டதைப் பார்த்தபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது. ஆனால் வெல்டை ஒட்டிய தகைவுகளை இந்த ஷெல்லில் படிக்கக் கூடாது. அவற்றுக்குச் சிறு மாதிரிதான் கதி.

மார்ச் 19

நேர்விளிம்புக் கட்டையைத் தகட்டின் மேல் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (தடிமன் தெரிந்த மெல்லிய உலோகத் தகடுகள்) நுழைத்து அளந்தோம். பட்டைகளுக்கு அருகே கோண வளைவு கணக்கோடு ஒத்துப்போனது. விளிம்பிலோ தகடு மேலும் கீழுமாக அலையலையாக நெளிந்திருந்தது. என் விடையில் அந்த அலையே இல்லை. சிறிய இடப்பெயர்ச்சிகள் மட்டுமே உண்டு என்ற அனுமானத்தோடு தீர்த்ததுதான் காரணம், அமுக்கத்தால் தகடு நெளிவதை அந்த அனுமானம் காட்டவே காட்டாது. பெரிய இடப்பெயர்ச்சியை அனுமதித்து, தகட்டுக்கு மிகச் சிறிய தொடக்க வளைவும் கொடுத்து மறுபடி ஓட்டியபோது அலை தோன்றியது.

மார்ச் 20

நடுப்பட்டையிலிருந்து வெளிநோக்கி வெல்டு செய்யும் வரிசையை இன்று ஓட்டினேன். விளிம்பின் அலை சற்றுக் குறைகிறது. தற்காலிகப் புள்ளி வெல்டுகளை மாதிரியில் இன்னும் சேர்க்கவில்லை. அவை பட்டைகளை இறுக்கிப் பிடிக்கும் விதம் இந்த விடையை மாற்றக்கூடும் என்பதால், நாளைக்கு முதல் வேலை அதுதான்.