எட்டு எழுத்து

மார்ச் 3
நிதி விண்ணப்ப முடிவு இன்று வரும் என்றார்கள். வரவில்லை.

மார்ச் 4
எட்டு. தூங்கவிடாத எண். இரண்டு காசநோயாளிகளின் கிருமிகளுக்கும் நடுவே, மரபணுத் தொகுதியில் எட்டு எழுத்து வேறுபாடு. ஐந்துக்குள் என்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அண்மையில் தொற்றியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டைத் தாண்டினால் விட்டுவிடுவோம். எட்டை என்ன செய்வது? இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதிலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்துதான் மாறும். இரு கிளையும் தனித்தனியே மாறியிருந்தால், பிரிந்து ஏறத்தாழ எட்டு ஆண்டு. அத்தனை ஆண்டில் நடுவில் யார் இருந்தார்? ஒருவரா, நால்வரா? இருவரும் ஒரே அடுக்குமாடிப் புளோக்கில் வசித்ததில்லை, சேர்ந்து வேலை பார்த்ததுமில்லை. இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோ 203ஆம் புளோக்கில் பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய் 2012 முதல் 2016 வரை ஆறு பேருக்கு வந்தபோதாவது எல்லாரையும் சேர்க்க ஒரு முகவரி இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

மார்ச் 6
சித்தி காசநோய்க்கு மருந்து சாப்பிடத் தொடங்கி நாலு மாதம் முடிந்தது. “இருமல் நின்னுபோச்சு, எடையும் ஏறிடுச்சு. இன்னும் எதுக்கும்மா மாத்திரை?”

இந்தக் கேள்விக்கு இதே ஊரில் பதில் தேடியிருக்கிறார்கள். 1970களில் சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து நாலு மாத சிகிச்சையையும் ஆறு மாத சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். நாலு மாதத்தோடு முடித்தவர்களும் அப்போது நன்றாகத்தான் இருந்தார்கள், சளியில் கிருமி வளரவில்லை. ஆனால் பிறகு நோய் திரும்பியது அவர்களில்தான் அதிகம். முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது அது எனக்கு ஓர் அட்டவணை, அவ்வளவுதான். இன்று அதன் நாலு மாத வரிசையில் சித்தி உட்கார்ந்திருக்கிறார். மறுபடி இருமத் தொடங்கிய அந்த முகம் தெரியாதவர்களால்தான் சித்தியிடம் ஆறு மாதம் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

சொன்னேன். “சரிம்மா” என்றார். நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 10
சித்தி இன்னும் தன் டம்ளரைத் தனியாகக் கழுவி அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறார். டம்ளரால் இது பரவாது, காற்றில்தான் பரவும் என்று எத்தனை முறை சொல்வது? சென்னையில் 1950களின் கடைசியிலேயே வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தவர்களையும் சானடோரியத்தில் சேர்த்தவர்களையும் ஒப்பிட்டுவிட்டார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களால் குடும்பத்துக்கு ஆபத்து கூடவில்லை. மருந்து தொடங்குமுன் இருக்கும் நாட்கள்தான் ஆபத்தானவை. அந்த நாட்களில் சித்தி யாரிடமும் சொல்லாமல் தேக்காவில் இருமல் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். கோபம் வருகிறது, அவர்மேல் இல்லை. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 13
மின்னஞ்சல் இல்லை.

மார்ச் 17
எட்டு எழுத்து. பகல் முழுக்கப் பழைய நேர்காணல் குறிப்புகள். ஒருவர் சொன்ன காப்பிக்கடைப் பெயரும் மற்றவர் சொன்னதும் ஒன்றுதானா? கையெழுத்து புரியவில்லை.

மார்ச் 20
இந்தக் கிருமி இரண்டாகப் பிரியவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். இன்று தொற்றியது முப்பது ஆண்டு கழித்து நோயாக வரலாம். எங்களுக்கு நிதி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, நடுவே “இதுவரை என்ன கண்டீர்கள்” என்று அறிக்கை. தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும் என்பதை எந்தப் பெட்டியில் எழுதுவது?

பிடித்த வேலை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

மார்ச் 24
உலகக் காசநோய் நாள். 1882இல் இதே தேதியில் பெர்லினில் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டதை அறிவித்தார். அலுவலகத்தில் உரை, சிற்றுண்டி, படம் எடுத்தல். 2023இல் மட்டும் உலகில் சுமார் 12.5 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள் என்று என் முறை வந்தபோது சொன்னேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 27
பாலிகிளினிக் தாதி கூப்பிட்டார். சித்தி நேற்றும் முந்தாநாளும் மாத்திரை விழுங்க அங்கே போகவில்லை.

மார்ச் 28
காலையில் கூடவே போனேன். தாதியின் முன்னால் விழுங்கினார். திரும்பும்போது சித்தி பேசவில்லை. பேருந்தில் மட்டும், “எனக்கு யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு உன்னால கண்டுபிடிக்க முடியுமா?” என்றார். கோப்பு என்னிடம் இல்லை, பார்க்கவும் கூடாது. அப்படியே சொன்னேன்.

மாலையில் குறிப்பின் தெளிவான நகல் வந்தது. இரண்டும் ஒரே காப்பிக்கடைதான். தொடர்பு விசாரணைக் குழுவுக்கு எழுதிவிட்டேன். திங்கட்கிழமை பேசலாம் என்கிறார்கள்.

மார்ச் 29
ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். நடுவில் ஒருவர்தான் என்றால், அவர் இன்னும் இருமிக்கொண்டு